கறுப்புக் கார் யாருக்குப் பின்னால்

“ரெண்டாயிரத்து நூத்திப் பதினாறு வண்டி, நாப்பது செம்மறி ஆடு, ஆளை விட நீளமான ஊதுகொம்போட ஒரு கல்யாண ஊர்வலம். அத்தனையும் முடிச்சு விழுந்து கெடந்த பாலத்து முனைய நான் ஒரே ஒரு கேள்வி கேட்டு அவுத்து விட்டேன். அதுவும் அடுப்புலருந்து எடுத்த ரொட்டி ஆறுறதுக்குள்ள.”

கோக்புலாக் நகராட்சியின் மாடிக் கூடத்தில் பாத்மா இப்படிச் சொல்லி முடித்ததும், சுவர்க் கடிகாரம்கூட ஒரு நொடி நின்று யோசித்துவிட்டுத்தான் மறுபடி ஓடியது. மேசைக்கு நடுவில் உட்கார்ந்திருந்த ரைஸா கரிமோவ்னா எழுதிக்கொண்டிருந்த பேனாவைத் தாளிலிருந்து தூக்கினார். மாகாணத் தலைநகரிலிருந்து விசாரணைக்கென்றே வந்திருந்த அதிகாரி அவர். நம்புகிறாரா இல்லையா என்று அந்த முகத்தில் தேடினால் மூக்குக் கண்ணாடிதான் கிடைக்கும்.

அவருக்கு வலப்பக்கம் இருந்த நகரத் துணைத்தலைவர் கபார்பெக் அக்மாத்தோவிச்சுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. வாய்விட்டுச் சிரித்தார்.

“ரொட்டிக்கு எள்ளுத் தூவுற கை, கரிமோவ்னா. பேச்சுக்கும் நல்லா தூவுது.”

பாத்மாவுக்குக் காது மடல் சிவந்தது. இருபத்தாறு வருடமாக அந்தப் பாலத்து முனையில் ரொட்டி விற்கிறவள் அவள். சந்தை முழுக்க அவளை ‘எஜே’ என்றுதான் கூப்பிடும். அவளைவிட மூத்த கிழவர்களுக்கும் அவள் அக்காதான். அப்படிப்பட்டவளை ஒருவர் சிரித்தே கூடத்திலிருந்து வெளியே தள்ளிவிடப் பார்க்கிறார்.

சிரிப்பைக்கூடப் பொறுத்துக்கொள்வாள். மேசைமேல் கிடந்த அந்த ஒற்றைத் தாளைத்தான் பொறுக்க முடியவில்லை. பாலத்து முனையில் ஞாயிறன்று ஏற்பட்ட நெரிசலுக்குக் காரணம் அங்கே நிற்கும் பதினோரு ரொட்டி வண்டிகள் என்றும், வெள்ளிக்கிழமைக்குள் அவை சிமெண்டுக் கிடங்குக்குப் பின்புறம் போய்விட வேண்டும் என்றும் அதில் தட்டச்சு செய்திருந்தது. சிமெண்டுக் கிடங்குக்குப் பின்புறம் ஒரு நாய் மட்டும் வாழ்கிறது. அதுவும் ரொட்டி தின்னாது என்று பாத்மா சத்தியம் செய்வாள்.

ரொட்டி வண்டி என்று தாளில் எழுதினால் ஏதோ பத்துச் சக்கர லாரி மாதிரி இருக்கிறது. பதினொன்றும் பழைய குழந்தைத் தள்ளுவண்டிகள். பாத்மாவின் வண்டியில் முதலில் அவளுடைய மூன்று பிள்ளைகள் வளர்ந்தார்கள், அப்புறம் ரொட்டி ஏறியது. அடியில் கம்பளி, நடுவில் ரொட்டி, மேலே பஞ்சு மெத்தைப் போர்வை. ஒரு ஆள் பக்கவாட்டில் நடந்தால் எவ்வளவு இடம் பிடிப்பாரோ அதைவிட ஒரு சாணும் அதிகம் பிடிக்காது. அது போய் ஊரை அடைத்ததாம்.

“ஞாயித்துக்கெழம நடந்ததை முதல்லருந்து சொல்லுங்க. எள்ளு இல்லாம,” என்றார் ரைஸா கரிமோவ்னா.

பாத்மா சொன்னாள். எள் இல்லாமல் சொல்ல அவளுக்கு வராது. நடந்ததும் அப்படிப்பட்டதுதான்.

முந்தின வாரம்தான் பாலத்து முனையில் ஊரின் முதல் சிக்னல் விளக்கு நட்டார்கள். அக்மாத்தோவிச்சின் கனவு அது. நட்டதோடு நிற்காமல், நாலு தடமுள்ள பாலத்தில் இரண்டு தடத்தைச் சிவப்பும் வெள்ளையுமான பிளாஸ்டிக் தடுப்புகளால் மறித்து ‘விருந்தினர் வண்டிகளுக்கு மட்டும்’ என்று பலகையும் வைத்தார்கள். திறப்பு விழாவுக்கு ஞாயிற்றுக்கிழமையைப் பிடித்தார்கள். வாரத்தில் ஏழு நாள் இருக்கிறது. சந்தை ஒரே நாள். அந்த ஒரு நாளைத் தேடிப் பிடிக்கத் தனித் திறமை வேண்டும்.

ஒன்பது மணிக்கு நாடா வெட்டினார்கள். கை தட்டினார்கள். விருந்தினர்களின் வண்டிகள் போவதற்காக மற்ற மூன்று பக்கமும் சிவப்பு, அவர்கள் தடத்துக்கு மட்டும் பச்சை என்று விளக்கை நிறுத்தி வைத்தார்கள். வண்டிகள் ஆற்றங்கரை விருந்துக்குப் போயின. விளக்குப் பெட்டியின் சாவியும் யாரோ ஒருவர் சட்டைப் பையில் ஏறி விருந்துக்குப் போயிற்று.

அதன்பின் மூன்று பக்கமும் சிவப்பு. ஒரு ஈ கூட இல்லாத வெற்றுத் தடத்துக்குப் பச்சை. ஒரு மணி நேரம். ஒன்றரை மணி நேரம்.

கோக்புலாக் ஜனங்கள் பொறுமைசாலிகள். முதல் அரை மணி நேரம் விளக்கைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். பிறகு ஒரு வண்டி அரை அடி முன்னால் நகர்ந்தது. அதைப் பார்த்து இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் மூன்று பக்கத்து வண்டிகளும் முனையின் நடுவில் மூக்கோடு மூக்கு முட்டிக்கொண்டு, பின்னாலும் போகாமல் முன்னாலும் போக முடியாமல் நின்றுவிட்டன. பாத்மாவின் கணக்குப்படி, வால் மூன்று கிலோமீட்டர் தள்ளி பருத்தி ஆலை வரை இருந்தது. லாரியில் ஏற்றும்போது காயாக இருந்த முலாம்பழங்கள் பழுத்தன. சவரம் செய்துகொண்டு கிளம்பிய மாப்பிள்ளைக்குத் தாடி வந்து, பெண் வீட்டார் ஆளை மாற்றிவிட்டார்கள் என்று சண்டைக்கு வந்தார்கள்.

“எள்ளு,” என்றார் ரைஸா கரிமோவ்னா.

“தாடி கொஞ்சம்தான்,” என்று பாத்மா ஒப்புக்கொண்டாள்.

போக்குவரத்துக் காவலர் சார்த்பாய் நடுவில் நின்று விசில் ஊதினார், ஊதினார், விசிலுக்குள் இருந்த பட்டாணி தேய்ந்து போகுமட்டும் ஊதினார். அந்தத் தடுப்பை நகர்த்தி இரண்டு தடத்தைத் திறந்து விடு அப்பா என்று ஓட்டுநர்கள் கெஞ்சினார்கள். அவர் தொப்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். தடுப்பில் கை வைத்தால் தொப்பி போய்விடும் என்று அவருக்கு மேலிடத்தில் சொல்லியிருந்தார்கள்.

அந்த நேரம் பார்த்து விருந்தினர் தடத்தில், எதிர்த்திசையில், ஒரு கறுப்புக் கார் சீறிக்கொண்டு வந்தது.

இந்த இடத்தில் பாத்மா நிறுத்தி அக்மாத்தோவிச்சைப் பார்த்தாள். அவர் ஜன்னலுக்கு வெளியே ஏதோ பறவையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விருந்தில் தலைமை விருந்தாளிக்குப் போர்த்த வேண்டிய பொன்சரிகை அங்கியை அலுவலகத்திலேயே மறந்துவிட்டாராம் யாரோ. எடுக்கத் திரும்பி வந்தார். தடத்தின் முடிவில் வெங்காய லாரி குறுக்கே நிற்கிறது. ஒதுங்கி நின்று காத்திருக்கலாம். கறுப்புக் கார் அப்படிச் செய்யுமா? இருந்த ஒரே சந்துக்குள் மூக்கைக் குறுக்கே நுழைத்துவிட்டு ஆரனை அழுத்தியது. அதுவரை முடிச்சாக இருந்தது அத்தோடு இறுகிக் கல்லாகிவிட்டது.

பாத்மா சந்துக்குள்ளிருக்கும் தந்தூர் அடுப்பிலிருந்து இரண்டாம் ஈடு ரொட்டியை வண்டியில் அடுக்கி, போர்வை போர்த்தி, அப்போதுதான் முனைக்குத் தள்ளிக்கொண்டு வந்தாள். பார்த்தாள். வெங்காய லாரியின் குலாம் அகாவும் ஒரு சிற்றுந்து ஓட்டுநரும் சட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். நான்தான் முன்னே வந்தேன் என்று ஒருவர். உன் பாட்டன் வந்தான் முன்னே என்று மற்றவர்.

அந்தச் சண்டையைக் கேட்டதும்தான் பாத்மாவுக்கு உறைத்தது. வண்டிகளுக்கு இடம் இல்லாமல் இல்லை. எவரும் பின்வாங்கத் தயாரில்லை, அவ்வளவுதான். பின்வாங்கினால் தன் முறை போய்விடும் என்று ஒவ்வொருவருக்கும் பயம்.

கோக்புலாக்கில் வரிசை என்றால் முதுகுக்குப் பின் முதுகாக நிற்பதல்ல. மருத்துவமனையோ தபால் நிலையமோ, உள்ளே நுழைகிறவர் கூட்டத்தைப் பார்த்து “யாரு கடைசி?” என்று கேட்பார். ஒரு கை உயரும். “அப்ப நான் உங்களுக்குப் பின்னால” என்று சொல்லிவிட்டால் முடிந்தது. அதன்பின் நிழலில் உட்காரலாம், தேநீர் குடிக்கப் போகலாம், தொழுதுவிட்டு வரலாம். தனக்கு முன்னால் யார் என்ற ஒரே ஒரு முகத்தை மட்டும் மறக்கக் கூடாது. எவரும் மறப்பதில்லை. கட்டின பெண்டாட்டியின் பிறந்த நாளை மறந்தவர் உண்டு; போன வருடம் பல் டாக்டரிடம் தனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவரை மறந்தவர் இந்த ஊரில் இல்லை. இதே நகராட்சியில் சீட்டு அச்சடித்துத் தரும் வரிசை இயந்திரம் ஒன்று வைத்திருக்கிறார்கள். வைத்த நாளிலிருந்து ஏழாம் எண்ணையே காட்டிக்கொண்டிருக்கிறது. ஜனங்கள் அதில் பையை மாட்டிவிட்டு, யாரு கடைசி என்று கேட்டுக்கொள்கிறார்கள்.

ஆக, பாத்மா வெங்காய மூட்டைகளின் மேல் ஏறினாள். கல்யாணக் கோஷ்டியிடம் ஊதுகொம்பை ஒரு தரம் ஊதச் சொன்னாள். பருத்தி ஆலை வரை சத்தம் அடங்கியது. கேட்டாள்:

“யாரு யாருக்குப் பின்னால?”

அவ்வளவுதான். குலாம் அகாவின் கை சிற்றுந்துக்காரர் சட்டையிலிருந்து தானாக விடுபட்டது. ஜன்னல்களிலிருந்து தலைகள் நீண்டன, விரல்கள் நீண்டன. நான் அந்தப் பச்சை வண்டிக்குப் பின்னால். நான் கல்யாண பஸ்ஸுக்கு. நான் முலாம்பழத்துக்கு. முலாம்பழம் எனக்கு, என்றது இன்னொரு ஜன்னல். விரல்களைத் தொடர்ந்து பாத்மாவின் கண் போய்க்கொண்டே இருந்து, கடைசியில் ஒரு பல் டாக்டரம்மாவின் குட்டிக் காரில் போய் முட்டியது. எனக்கு முன்னால் யாரும் இல்லை என்றார் அந்த அம்மாள். அவர்தான் முதல். யாருக்கு அடுத்து யார் என்று தெரிந்துவிட்ட பிறகு பின்வாங்க எவருக்கும் கூச்சமில்லை. முறை எங்கேயும் போகாது. ஆளாளுக்கு இரண்டடி, மூன்றடி பின்னால் எடுத்தார்கள்.

கறுப்புக் கார் மட்டும் அசையவில்லை. பாத்மா மேலிருந்தபடியே கேட்டாள், நீங்க யாருக்குப் பின்னால என்று. கண்ணாடி நாலு விரல் இறங்கியது.

“நான் யாருக்கும் பின்னால இல்ல.”

இந்தப் பேச்சை கோக்புலாக்கில் அதற்கு முன் எவரும் கேட்டதில்லை. செம்மறிகள்கூடக் கத்துவதை நிறுத்தின.

பாத்மா இடுப்பில் கை வைத்தாள். தடத்தை மறித்தது நீ. விளக்கைச் சிவப்பிலே விட்டது நீ. சாவியை விருந்துக்கு அனுப்பியது நீ. குழந்தைக்கு ஜுரம் என்று ஒருத்தி பஸ்ஸில் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், அவளே இன்னாருக்குப் பின்னால் என்று கை காட்டினாள். நீ யாருக்கும் பின்னால் இல்லையா? இதில் பாதியை வாய்விட்டும் சொன்னாள். முடிவில் மட்டும் குரலை இறக்கினாள்.

“அப்ப நீங்க வரிசையிலயே இல்ல. போய்க் கடைசி யாருன்னு கேளுங்க.”

சுற்றிலும் இருந்தவர்கள் கார் பின்னால் எடுக்கத் தோதாகத் தடுப்புகளை ஒவ்வொன்றாகத் தூக்கி ஓரமாக வைத்தார்கள். சார்த்பாய் அந்த நேரம் பார்த்து வானத்தைப் பார்த்தார். சிவப்பு விளக்கைக் கண்டு இன்னும் சிலர் தயங்கவே, பாத்மா தன் ரொட்டி மேலிருந்த போர்வையை உருவிக் கொடுத்தாள். கல்யாண வீட்டு இளைஞன் கம்பத்தில் ஏறி விளக்குக்குத் தலையோடு போர்த்திவிட்டான். ரொட்டி திறந்து கிடந்தது. ஆறிவிடுமே என்ற பதைப்பில் அவள் வண்டிகளை வரிசை சொல்லிச் சொல்லி விரட்டினாள். பல் டாக்டரம்மா, பச்சை வண்டி, கல்யாணம், வெங்காயம், முலாம்பழம் என்று நாலு தடத்திலும் நெரிசல் மணலாகச் சரிந்து ஓடியது.

கடைசியாக நின்றது தோக்தோசுனின் ஆட்டு லாரி. அதன் வாலுக்குப் பின்னால் கறுப்புக் கார். வேறு வழியில்லாமல் கண்ணாடி முழுக்க இறங்கியது. யாரு கடைசி என்று ஒரு குரல் கேட்டது. நான்தான், நீங்க எனக்குப் பின்னால, என்றார் தோக்தோசுன். நாற்பது ஆடுகளும் சாட்சி. என்ன இருந்தாலும் விருந்திலிருந்து பாதியில் எழுந்து வந்த மனுஷன் என்று பாத்மா ஒரு ரொட்டியை அந்த ஜன்னலுக்குள் நீட்டிவிட்டு வந்தாள்.

“மூணாம் நாள் இந்தத் தாள் வருது,” என்றாள் பாத்மா. தாளை விரலால் தட்டினாள். “பதினோரு குழந்த வண்டி ஊரை அடச்சிருச்சாம்.”

அக்மாத்தோவிச் எழுந்தார். கோப்பிலிருந்து ஒரு புகைப்படத்தை எடுத்து மேசையில் வைத்தார். சிக்னல் விளக்குக்கு மேல் பூப்போட்ட பஞ்சு மெத்தைப் போர்வை. பொதுச் சொத்தை மூடி, நெரிசலை உண்டாக்கியதே இவர்கள்தான் என்று விளக்கினார். அன்று காலை ஒன்பதிலிருந்து மாலை வரை தாம் ஆற்றங்கரையில் விருந்தினரோடு இருந்ததாகவும், முனைப் பக்கமே வரவில்லை என்றும், ஊரில் கறுப்புக் காருக்குப் பஞ்சமில்லை என்றும் சொன்னார். ஒரு கேள்வியால் நெரிசல் பிரிந்தது என்று நம்புகிறவர் இந்த அறையில் இருந்தால் கை தூக்கட்டும் என்றார். சார்த்பாயிடம் ரைஸா கரிமோவ்னா கேட்டபோது, அன்றைக்குப் பூராவும் கண்ணில் தூசி என்றார் அவர். தொப்பி மடியில் இருந்தது. இரண்டு கையும் அதன் மேல்.

“சாட்சி யாராவது இருக்காங்களா?” என்றார் ரைஸா கரிமோவ்னா.

பாத்மா நடந்து போய்க் கூடத்தின் கதவைத் திறந்தாள்.

தாழ்வாரம் நிறைய ஆட்கள். படிக்கட்டில், படிக்கட்டுக்குக் கீழே, வாசலில், வாசலுக்கு வெளியே பாப்ளர் மரத்தடியில். ஞாயிற்றுக்கிழமை மாட்டியவர்களில் லாரியை ஓரம் கட்ட முடிந்த அத்தனை பேரும் வந்திருந்தார்கள். ஏழு என்று காட்டிக்கொண்டிருந்த இயந்திரத்தின் மேல் பதினான்கு தொப்பிகள் தொங்கின. அவர்களுக்கு ரொட்டி வேண்டும், அதுவும் பாலத்து முனையில் வேண்டும். சிமெண்டுக் கிடங்குக்குப் பின்னால் போய் நாயோடு நின்று வாங்க அவர்களுக்கு நேரமில்லை.

பாத்மா அதே கேள்வியைக் கேட்டாள். யாரு யாருக்குப் பின்னால?

பல் டாக்டரம்மா முன்னால் வந்து, எனக்கு முன்னால் யாரும் இல்லை என்றார். பச்சை வண்டிக்காரர் அவருக்குப் பின்னால் என்றார். தாடியோடு மாப்பிள்ளை வந்து பச்சை வண்டிக்குப் பின்னால் என்றார். தாடி நிஜமாகவே கொஞ்சம் இருந்தது. குலாம் அகா வந்தார், சிற்றுந்துக்காரர் வந்தார், இருவரும் தோளில் கை போட்டிருந்தார்கள். ஒருவரும் தடுமாறவில்லை, ஒருவரும் ஒருவரை மறுக்கவில்லை. ரைஸா கரிமோவ்னா முதலில் பெயர்களை எழுதினார், பிறகு வெறும் கோடுகளாகப் போட்டார், பிறகு பேனாவை மூடிவிட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தார். அக்மாத்தோவிச் இரண்டு தரம் குறுக்கே பேச வாயெடுத்தார். முறையில்லாமல் பேசக் கூடாது என்று தாழ்வாரத்திலிருந்து யாரோ சொன்னார்கள்.

ஒரு மணி நேரம் கழித்து, ஆட்டு வாசனையோடு தோக்தோசுன் உள்ளே வந்தார். தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டார்.

“நான் முலாம்பழத்துக்குப் பின்னால. கடைசி நான்தான்னு நெனச்சேன் எஜே, ஆனா நான் கடைசி இல்ல. எனக்குப் பின்னால ஒருத்தர் நின்னாரு. கெளம்புறப்ப பின்னால நிக்கிறவர்கிட்ட சொல்லிட்டுக் கெளம்பணும். ஆடு கத்துன அவசரத்துல சொல்லாமப் போயிட்டேன். மூணு நாளா அது மனசுல குத்துது.”

தோக்தோசுன் மேசையைச் சுற்றி நடந்து போய் அக்மாத்தோவிச்சின் எதிரில் நின்றார். அவர் முகத்தில் குறும்பு கிடையாது. கடன்பட்டவனைப் போல நின்றார்.

“நீங்க யாருக்குப் பின்னால?”

“உனக்குப் பின்னாலதான்,” என்றார் அக்மாத்தோவிச்.

சொன்னபிறகுதான் சொன்னது அவருக்கே தெரிந்தது. நாற்பத்தொன்பது வருடமாக, மூன்று வயதில் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு தடுப்பூசிக்கு நின்ற நாளிலிருந்து, அந்தக் கேள்விக்கு அவர் வாய் அப்படித்தான் பழகியிருந்தது. பதவி வந்த பின் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை அது தடம் மாறிப் பேசிவிட்டது. கேட்டவுடன் பழைய தடத்துக்கே வந்து சேர்ந்துவிட்டது.

எவரும் சிரிக்கவில்லை. சார்த்பாய் மட்டும் தொப்பியை மடியிலிருந்து எடுத்துப் பக்கத்து நாற்காலியில் வைத்தார்.

ரைஸா கரிமோவ்னா தட்டச்சுத் தாளைத் தன் பக்கம் இழுத்து, மூலைக்கு மூலை இரண்டு கோடு கிழித்தார். ரொட்டி வண்டிகள் இருந்த இடத்திலேயே இருக்கும், பாலத்துத் தடுப்பு இன்று மாலைக்குள் போகும் என்று அதன் பின்பக்கத்தில் எழுதினார். அப்புறம் தாளின் கீழே கொஞ்சம் இடம் விட்டு, அக்மாத்தோவிச் பக்கம் திரும்பினார்.

“எண்ணிக்கைய நான் கொறச்சு எழுதிக்கறேன். மத்தது நடந்துச்சா இல்லையா? உங்க வாயால சொல்லுங்க.”

அவர் பாத்மாவை ஒரு தரம் பார்த்தார், புகைப்படத்தில் இருந்த பூப்போட்ட போர்வையை ஒரு தரம் பார்த்தார்.

“நடந்துச்சு,” என்றார். கொஞ்சம் பொறுத்து, கேட்காததையும் சேர்த்துக்கொண்டார். “ரொட்டியும் சூடாத்தான் இருந்துச்சு.”